மேல்தட்டில் ஆடுகள் இல்லை

வெளிக் கேற் இழுத்துச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டதும் அருளம்பலத்துக்கு முதலில் நினைவு வந்தது, வீதியோரம் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் தன்னுடைய மோட்டார் சைக்கிள். அடுத்ததாக, தன்னுடைய அடையாள அட்டை அந்த மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழே கிடக்கிறது என்பது நினைவு வந்தது. அதற்குப் பிறகு அவன் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“மிஸ், கேற்றைப் பூட்டிட்டாங்கள்.”

“கேட்டது,” என்றாள் நஜ்முன் நிஸா. களஞ்சியத்தில் குனிந்திருந்து நனைந்த கோதுமை மா மூட்டை ஒன்றை விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது மழைத் தண்ணி இல்லை, அருளம்பலம். பைப்புத் தண்ணி. ஆரோ நட்டஈட்டுக்காக ஊத்தியிருக்கிறாங்க.”

“மிஸ், வெளிய துவக்கோட ஆக்கள் நிக்கிறாங்கள். மாவைப் பிறகு பிடிப்பம்.”

எரியாத கடைகளையும் மூழ்காத வள்ளங்களையும் கண்டுபிடிப்பதுதான் நஜ்முன் நிஸாவின் தொழில். காப்புறுதிக் கொம்பனிகள் சந்தேகப்படும்போது திருகோணமலையில் அவளைத்தான் கூப்பிடும். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த அருளம்பலம் அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், வேண்டாத நேரத்தில் வாய்காரன். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் மூதூர்ப் பக்கம் தொடங்கிய ஷெல்லடி நவம்பரிலும் ஓயாததால், இந்த வருடம் அவன் வாய் மூடிய நாள் குறைவு.

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தக் கந்தோர் ‘நவசாகர’ என்ற கப்பல் முகவர் கொம்பனியுடையது. கீழே களஞ்சியம், மேலே ஒரே நீள அறையும் அதன் பின்னால் ஒரு குசினியும். இருவரும் கடற்படைக்காரர்களால் மேலே கொண்டுபோகப்பட்டபோது அங்கே ஏற்கனவே மூன்று பேர் சுவரோரம் கதிரைகளில் இருத்தப்பட்டிருந்தார்கள். முதலாவது, மனேஜர் கனகசுந்தரம். வெள்ளைச் சேட்டும் நெற்றியில் திருநீறுமாக, தான் கைது செய்யப்படுவதே கொம்பனிக்கு அவமரியாதை என்பதுபோல நிமிர்ந்திருந்தார். அடுத்தது கணக்காளர் அபூதாஹிர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தவர். மூன்றாவது, கமலாதேவி என்ற இருபத்தாறு வயதுப் பெண். அவள் கதிரைக்குப் பின்னால் மட்டும் ஒரு கடற்படைச் சிப்பாய் நின்றான்.

மேசையருகில் நின்ற லெப்டினன்ட் வீரக்கோன் நஜ்முன் நிஸாவைக் கண்டதும் முகம் சுளித்தார். போன வருடம் ஒரு வள்ள எஞ்சின் களவில் அவள் அவருக்கு உதவியவள்.

“நீங்க இங்க என்ன செய்றீங்க, மிஸ்?” அவருடைய தமிழ் நின்று நின்று வந்தது.

“மா பாக்க வந்தனான்.”

“அப்ப இதையும் பாருங்க.”

அவர் நீட்டிய தாளை அருளம்பலமும் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“அறிவித்தல். நீலாவதி கப்பல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பழைய இறங்குதுறையிலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்படும். பயணிகள் ஒரு மணி நேரம் முன்பாக வருக. மேல்தட்டில் ஆடுகள் ஏற்றப்படமாட்டா.”

“கொழும்பில இவங்கட தலைமைக் கந்தோர்ல ஒருத்தர் இதை இன்டர்நெட்டில பாத்திருக்கார்,” என்றார் லெப்டினன்ட். “துறைமுகத்துக்குப் போன் எடுத்து, டிக்கட் எங்க வாங்கிறது எண்டு கேட்டிருக்கார். அப்படி ஒரு கப்பல் இல்லை. துறைமுகத்தில இல்லை. இலங்கையிலயே இல்லை. ஆனா இந்தக் கந்தோரில இருந்து ஒராள் எழுதியிருக்கு. இது சாதாரண அறிவித்தல் இல்லை. ஒரு சங்கேதம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என்ன நடக்கப்போகுது? ஆடு எண்டா ஆர்?”

“ஆடு எண்டா ஆடுதான், சேர்,” என்றான் அருளம்பலம்.

லெப்டினன்ட் அவனைப் பார்த்தார். அவன் சுவரில் தொங்கிய கலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

விஷயம் இதுதான். தலைமைக் கந்தோர், கொம்பனிக்கு என்று ஓர் இணையத்தளம் வேண்டும் என்று முடிவுசெய்து, அதை அமைக்கக் கமலாதேவியை வேலைக்கு எடுத்திருந்தது. அந்தத் தளத்தில் இரண்டு பகுதி. ஒன்று விக்கி: கந்தோரில் இருக்கிற எவரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம், உள்வீட்டுப் பக்கங்கள். மற்றது வலைப்பதிவு: வெளியுலகம் வாசிக்கிற அறிவித்தல் பலகை. இரண்டுக்கும் நடுவே போட வேண்டிய பூட்டை அவள் இன்னும் போடவில்லை. பழகும் காலம்தானே, திங்கட்கிழமை போடலாம் என்று விட்டிருந்தாள். அதனால் உள்ளே பழகுவதற்கென்று வைத்த பக்கத்தில் எழுதியது, தானாகவே வெளியேயும் போய்த் தெரிந்துவிட்டது.

“எழுதின பேர் கமலாதேவி,” என்றார் லெப்டினன்ட். “எழுதின நேரம் இண்டைக்குப் பகல் பன்னிரண்டு நாற்பது. அந்த நேரம் உள்ளுக்கு இருந்த ஒரே ஆள் கமலாதேவி. கணக்காளர் பள்ளிவாசலில. மனேஜர் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வீட்ட போயிட்டார். சரிதானே, பிள்ளை?”

“ஓம், சேர்,” என்றாள் கமலாதேவி. “ஆனா நான் இதை எழுதேல்லை. காலையில இருந்து எத்தினையோ சோதினைப் பக்கம் எழுதினனான்தான். இதை எழுதின ஞாபகம் இல்லை.”

“ஞாபகம் இல்லை,” என்று லெப்டினன்ட் திரும்பச் சொன்னார். “உங்கட ஊர்?”

“கட்டைபறிச்சான்.”

அந்த ஊர்ப் பெயர் அறைக்குள் விழுந்ததும் எவரும் எவரையும் பார்க்கவில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், அண்மை வரைக்கும் போராளிகளின் கையில் இருந்த இடம். ஆவணியில் ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்து, நகரத்தில் உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் படுக்கிற பெண். கந்தோரில் இருக்கிற எவரைப் பிடித்தாலும் கேள்வி கேட்க ஆள் வரும். இவளைக் கேட்டு வர ஒருவரும் இல்லை என்பது அருளம்பலத்துக்கு விளங்கியது.

“பொழுதுபட முதல் வாகனம் வரும்,” என்றார் லெப்டினன்ட். “எனக்கு ஒரு பேர் வேணும், மிஸ். இப்ப என்னட்ட இருக்கிறது இந்தப் பேர். வேற பேர் இருந்தா அதுக்கு முதல் தாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போக ஏலாது. நீங்களும்தான்.”

நஜ்முன் நிஸா தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “அருளம்பலம், இதில என்ன வித்தியாசம்?”

“ஆடு, மிஸ்.”

“ஆட்டை விடுங்க. எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்க.”

அவன் பார்த்தான். வரிகள் எல்லாம் தாளின் நடுப்பகுதியிலேயே முடிந்து அடுத்த வரி தொடங்கியிருந்தது. வலப்பக்கம் பாதித் தாள் சும்மா கிடந்தது. “மிச்சத் தாளில மறுமொழி எழுதச் சொல்லியிருக்கிறாங்கள்போல,” என்றான். அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“கமலாதேவி தொடக்கூடாது எண்டா அவர் தொடட்டும்,” என்று லெப்டினன்ட்டிடம் அனுமதி கேட்டு, அருளம்பலத்தைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினாள். “பிள்ளை, நீங்க இருந்த இடத்தில இருந்து சொல்லுங்க. அந்தப் பழகிற பக்கத்தில எப்பிடி எழுதிறது?”

கமலாதேவி சொல்லச் சொல்ல அவன் பக்கத்தைத் திறந்தான். என்ன எழுதுவது என்று தெரியாமல், மனதில் இருந்ததையே ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தேடி எழுதினான்: தேத்தண்ணி இன்னும் வரவில்லை. சேமிக்கிற பொத்தானை அவன் அமத்தவும் துறைமுகப் பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. நஜ்முன் நிஸா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அபூதாஹிர் தொப்பியைப் போட்டார். துவக்குப் பிடித்திருந்த சிப்பாய்கூட அசையாமல் நின்றான்.

வாங்கு முடிந்தது. “பாருங்கோ மிஸ்,” என்றான் அருளம்பலம். “எழுதினது கமலாதேவி எண்டு காட்டுது. இப்ப நானும் கமலாதேவி.”

“இந்தக் கதிரையில ஆர் இருந்தாலும் கமலாதேவிதான்,” என்றாள் நஜ்முன் நிஸா. லெப்டினன்ட் அதைக் கேட்டுக்கொண்டார்; முகம் மாறவில்லை. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, “சேர், உங்கட மணிக்கூட்டில எத்தினை மணி?” என்றாள்.

“மூண்டு பன்னிரண்டு.”

“இவர் வாங்கு தொடங்கேக்க எழுதினவர். அஸர் வாங்கு நவம்பரில மூண்டு பத்துக்கு. திரையில மூண்டு நாற்பது எண்டு கிடக்கு.”

அறையில் முதலில் விளங்கியது கமலாதேவிக்குத்தான். அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். சிப்பாய் தோளில் கை வைத்து இருத்தினான். “பழைய நேரம்,” என்றாள். “ஐயோ, நான் அதைப் பாக்கேல்லை.”

“இந்த வருஷம் சித்திரையில நாடு முழுக்க மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினது,” என்றாள் நஜ்முன் நிஸா. “கந்தோர் மணிக்கூட்டை நாங்க திருப்பினம். கையில கட்டினதைத் திருப்பினம். இந்த விக்கியைச் செய்தவங்களுக்கு அதை ஆரும் சொல்லேல்லை. அது இன்னும் சித்திரைக்கு முந்தின இலங்கையில இருக்கு.”

“என்ர மாமா வீட்டிலயும் அப்பிடித்தான், மிஸ். சாப்பாடு புது நேரம், படுக்கை பழைய நேரம்,” என்றான் அருளம்பலம். பிறகு அவனும் கணக்குப் போட்டான். பன்னிரண்டு நாற்பது இல்லை. பன்னிரண்டு பத்து.

“பன்னிரண்டு பத்துக்கு எங்க நிண்டனீங்க, பிள்ளை?”

“சோத்துப் பார்சல் வாங்கப் போனனான். வரேக்க முனைக் காவலரணில மறிச்சவங்கள். பார்சலை அவிழ்த்துப் பாத்தவங்கள்.” அவள் திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற சிப்பாயைக் காட்டினாள். “இவர்தான் பாத்தவர்.”

லெப்டினன்ட் சிங்களத்தில் கேட்டார். சிப்பாய் தலை குனிந்து இரண்டு சொல் சொன்னான். லெப்டினன்ட் இன்னும் ஏதோ கேட்டார். சிப்பாயின் காது சிவந்தது.

“பாத்தது உண்மையாம்,” என்றார் லெப்டினன்ட், எங்கோ பார்த்துக்கொண்டு. “பன்னிரண்டு மணிக்கு காவல் மாறி, கொஞ்ச நேரத்தில வந்ததாம். பொரிச்ச மீன் ஒரு துண்டு எடுத்ததாம்.”

“ரெண்டு துண்டு,” என்றாள் கமலாதேவி.

அன்றைக்கு அந்த அறையில் முதல்முறையாக ஒருவர் சிரித்தார், அது அபூதாஹிர். உடனே இருமி மறைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் ஒரே கணக்கு ஓடியது. பன்னிரண்டு பத்துக்குக் கமலாதேவி காவலரணில். அபூதாஹிர் பன்னிரண்டுக்கு முதலே வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். மனேஜர் போனது பன்னிரண்டரைக்கு.

எல்லாக் கண்ணும் கனகசுந்தரத்திடம் திரும்பின. அவர் இன்னும் நிமிர்ந்துதான் இருந்தார்.

“ஓம், நான் இருந்தனான்,” என்றார். “என்ர மேசையில. நான் உந்த மெசினைத் தொடுறேல்லை. எனக்கு அதில வேலையும் இல்லை. பிள்ளையையே கேளுங்கோ.”

கமலாதேவி வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். “சேர் தொடுறேல்லை,” என்றாள், நிலத்தைப் பார்த்து.

அருளம்பலத்துக்கு அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது. கயிறு அவிழ்ந்து பாதியில் இருக்கிறது, அவளே திரும்ப முடிச்சுப் போடுகிறாள். கொட்டியாரக் குடாவின் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் உருண்டு வந்து யன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. வாகனம் இன்னும் வரவில்லை. யன்னலுக்கு வெளியே மழையில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

“அப்ப மூண்டு பேரும் ஒருக்கா எழுதுங்க,” என்றாள் நஜ்முன் நிஸா. “இதே அறிவித்தலை. நான் வாசிக்கிறன்.”

“இதென்ன பள்ளிக்கூடமோ?” என்றார் மனேஜர்.

“எழுதுங்க,” என்றார் லெப்டினன்ட்.

கமலாதேவி எழுதினாள். வேகம் குறையவில்லை. வரி திரையின் ஓரத்துக்குப் போய், தானாக மடிந்து கீழே வந்தது. அவள் ஒரு முறைகூட அடுத்த வரிக்கென்று தனியாக எதையும் அமத்தவில்லை. அடுத்து அபூதாஹிர். இரண்டு விரலால் கோழி கொத்துவதுபோல எழுதி, நீலாவதி வரைக்கும் வந்ததும், “போதுமா தங்கச்சி?” என்று கேட்டார். “போதும் நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் நஜ்முன் நிஸா.

கனகசுந்தரம் வந்து இருந்தார். ஒரு விரலை நீட்டி, எழுத்தைத் தேடுகிறவர்போலத் தேடினார். ‘அ’வைத் தேடவே அவருக்கு நேரம் எடுத்தது. நஜ்முன் நிஸா வாசிப்பை நிறுத்தவில்லை. மெதுவாகத் தொடங்கியவள் போகப் போக வேகமாக வாசித்தாள், ஒரு தலைமை எழுத்தர் சொல்லி எழுதவைக்கிற பாணியில், மூச்சு விடாமல். மூன்றாவது சொல்லில் அவருடைய மற்ற விரல்கள் விசைப்பலகையில் இறங்கின. ஐந்தாவது சொல்லில் அவர் கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டார். பத்து விரலும் சேர்ந்து ஓடின. திரையின் நடுவுக்கு வரி வந்ததும் அவர் அடுத்த வரிப் பொத்தானை அமத்தினார். அதே கணம் அவருடைய இடது கை தானாக மேலே எழும்பி, அங்கே இல்லாத ஒரு பிடியைப் பிடித்து, வெறுங்காற்றை வலப்பக்கம் தள்ளியது.

கை அந்தரத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

“தட்டச்சு மெசின்,” என்றாள் நஜ்முன் நிஸா. “வரி முடிய உருளையைத் தள்ளிவிட வேணும். கம்ப்யூட்டரில பழகினவங்களுக்கு அது தேவையில்லை, வரி தானாக் கீழ வரும். இந்தத் தாளில ஒவ்வொரு வரியும் பாதியில முறிஞ்சிருக்கு. பாத்த உடனயே இது கமலாதேவியின்ர கை இல்லை எண்டு தெரியும். ஆரின்ர கை எண்டுதான் தெரியாம இருந்தது.”

கனகசுந்தரம் கையை மெல்ல மடியில் இறக்கினார். நிமிர்ந்திருந்த முதுகு அப்போதுதான் வளைந்தது.

“நான் இங்க வேலைக்கு வந்தபோது முதல் முதல் அடிச்ச அறிவித்தல் அது,” என்றார். “நீலாவதி எண்டு ஒரு கப்பல் ஓடினது. சண்டைக்கு முதலே இரும்புக்கு வித்திட்டாங்கள். ஆரோ மேல்தட்டில ஆடு ஏத்த, அது ஒரு பெரிய மனுசனிட சால்வையைத் திண்டுபோட்டுது. அதுக்குப் பிறகு அந்த வசனத்தையும் போடவேணும் எண்டு சொன்னவை. பிழை விட விடத் திரும்ப அடிக்க வைச்சவை. விரலில கிடக்கு. பழகிறதுக்கு ஏதும் எழுதவேணும்தானே. அதுதான் வந்தது.”

“தொடுறேல்லை எண்டு சொன்னீங்க,” என்றார் லெப்டினன்ட்.

“இந்தச் சின்னப் பிள்ளையளுக்கு முன்னால இருந்து பழக எனக்கு வெக்கமா இருந்தது. மத்தியானம் எல்லாரும் போனபிறகு பழகிறன், உங்கட பேரில திறந்து வைச்சிட்டுப் போங்கோ, ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு பிள்ளையைக் கேட்டனான்.” அவர் கமலாதேவியைப் பார்க்கவில்லை. “நீங்கள் பன்னிரண்டு நாற்பது எண்டு சொன்ன உடன, அப்ப நான் வீட்டிலதானே எண்டு நினைச்சன். அப்ப அது நான் எழுதினதா இருக்க ஏலாது எண்டு என்னையே நம்பவைச்சன். அந்த அரை மணித்தியாலத்துக்குப் பின்னால ஒளிச்சிருந்தன்.”

லெப்டினன்ட் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார்.

“நல்ல கதை,” என்றார். “ஆனா சங்கேதத்தையும் மனப்பாடம் செய்யலாம். அந்தக் கப்பலை நான் காணேல்லை. ஆட்டையும் காணேல்லை. நான் மேலிடத்துக்கு ரேடியோவில சொல்லிட்டன், ஒராளைக் கொண்டுவாறன் எண்டு. இப்ப பேர் மாறிட்டுது. அவ்வளவுதான்.”

கீழே வாகனத்தின் ஹோர்ன் அடித்தது. கனகசுந்தரம் எழும்பி, சேட்டின் சுருக்கத்தை நீவி விட்டார். அந்த மனிதன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்த அருளம்பலத்துக்கு அந்தச் சின்னச் செய்கையைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அந்த வாகனத்தில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“நில்லுங்கோ, சேர்,” என்றாள் கமலாதேவி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. மனேஜரும் நின்றார், லெப்டினன்ட்டும் திரும்பினார். “அந்த அறிவித்தலுக்கு முதல் அவர் என்ன எழுதினவர் எண்டு பாக்கலாம். விக்கியில அழிச்சது ஒண்டும் போகாது. ஒவ்வொரு தரம் சேமிச்சதும் உள்ளுக்குக் கிடக்கும்.”

“இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை?” என்றாள் நஜ்முன் நிஸா.

“எல்லாத்திலயும் என்ர பேர்தானே மிஸ் இருக்கும். இன்னும் பிழையாப் போகும் எண்டு பயந்தன். இப்ப அது சேரிட கை எண்டு தெரியும்தானே.”

இந்த முறை அவளைத் தொடவேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அவள் பழகும் பக்கத்தின் பழைய படிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். நீலாவதி அறிவித்தல், ஒரு பிழையும் இல்லாமல். அதற்கு முந்தியது, அதே அறிவித்தல், காங்கேசன்துறையில் இரண்டு எழுத்து மாறி. அதற்கு முந்தியது, அறிவித்தலின் முதல் வரி மட்டும், நடுவில் அறுந்து. அதற்கும் முதல், ‘கனகசுந்தரம் கனகசுந்தரம் கனகசு’. அதற்கும் முதல் வெறும் ‘அ அ அ அ’. முதலாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டுவதுபோல இருந்தது.

“சங்கேதம் அனுப்பிற ஆள் முதல்ல அ எழுதிப் பழகமாட்டான், சேர்,” என்றாள் நஜ்முன் நிஸா.

லெப்டினன்ட் திரைக்குக் கிட்ட வந்தார். “இது என்ன?” ‘அ’வுக்கும் பெயருக்கும் இடையில் ஒரு படி இருந்தது. ஒரே ஒரு வசனம். அவருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. அருளம்பலத்தைப் பார்த்தார்.

அருளம்பலம் முதலில் மனதுக்குள் வாசித்தான். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, சொன்னதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் உரக்க வாசித்தான்.

“இந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.”

கனகசுந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அது அழிஞ்சிட்டுது எண்டு நினைச்சன்,” என்றார். “கடைசியா எழுதின அறிவித்தலைத்தான் விட்டனான். பிழையில்லாம வந்தது. பிள்ளை வந்து பாக்கட்டும் எண்டு.”

கமலாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் அழுகிறாள் என்பது முதுகில் தெரிந்தது.

லெப்டினன்ட் திரையை விட்டு விலகினார். “நான் நம்பிறன். நான் நம்பி வேலை இல்லை. என்ர பெரியவர் பாக்கவேணும். மனேஜர், பிள்ளை, ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாங்க.”

“அந்த வாகனத்தில நான் ஏறமாட்டன், சேர்,” என்றாள் கமலாதேவி. திரும்பாமலேயே சொன்னாள். “கம்ப்யூட்டரைத் தூக்கியும் பிரயோசனம் இல்லை. இந்தப் பக்கங்கள் இதுக்குள்ள இல்லை, கொழும்பில இருக்கு. நான் இன்னும் பூட்டுப் போடேல்லை. உங்கட பெரியவர் தன்ர மேசையில இருந்தே திறந்து பாக்கலாம். அவரிட்டத் தமிழ் வாசிக்கிற ஆள் இருக்கும்தானே. விலாசத்தை நான் சொல்லுறன்.”

கீழே ஹோர்ன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக. திங்கட்கிழமை போடலாம் என்று விட்ட அந்தப் பூட்டால்தான் இவ்வளவும் வந்தது. இப்போது இந்த இரண்டு பேருக்கும் அதே திறந்த வழியைத் தவிர வேறு வழி இல்லை.

லெப்டினன்ட் ரேடியோவை எடுத்தார். யன்னலோரம் போய்ச் சிங்களத்தில் நிறைய நேரம் பேசினார். நடுவில் நிறுத்தி, கமலாதேவி ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொன்ன விலாசத்தைத் திருப்பிச் சொன்னார். பிறகு கீழே எட்டிப் பார்த்துக் கை காட்டினார். வாகனம் பின்னோக்கி நகர்ந்து திரும்பி, ஒருவரையும் ஏற்றாமல் போனது.

“பாத்திட்டுச் சொல்லுவார்,” என்றார். “எப்ப எண்டு தெரியாது. மறுமொழி வரும்வரைக்கும் ஒருத்தரும் வெளிய போக ஏலாது.” சொல்லிவிட்டு அவரும் ஒரு கதிரையில் இருந்தார். அவருக்கும் போக இடமில்லை.

“அப்ப மாவை முடிப்பம்,” என்று நஜ்முன் நிஸா கைப்பையைத் திறந்தாள். “அந்தத் தண்ணியை ஊத்தினது ஆர் எண்டு இனிக் கேப்பம், அபூதாஹிர் நானா.” அபூதாஹிர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பவும் திருகத் தொடங்கினார்.

கனகசுந்தரம் கம்ப்யூட்டர் மேசையருகே வந்து நின்றார். கமலாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. இருக்கலாமா என்று கேட்கத் தெரியாதவர்போல நின்றார். அவள் அதைக் காலால் சற்று அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“பிள்ளை,” என்றார், “என்ர பேரில ஒண்டு திறந்து தாங்கோ.”

எல்லோருக்கும் முன்னால் அவள் அவருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். பெயரை எங்கே எழுதுவது, இரகசியச் சொல்லை எப்படி வைப்பது என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டார். வெட்கப்படவில்லை. பிறகு பத்து விரலையும் வைத்து எழுதத் தொடங்கினார். அதே பழகும் பக்கம். அந்த நேரத்தில் எங்கோ ஒரு மேசையில் ஒரு பெரிய அதிகாரி திறந்துகொண்டிருக்கும் பக்கம்.

நீலாவதி அறிவித்தலை இன்று
எழுதியவன் நான். கமலாதேவி
அல்ல. தெரிந்தும் பேசாமல்
இருந்தவனும் நானே.

“இதை அழிக்க ஏலுமோ?” என்று கேட்டார்.

“ஏலும், சேர். ஆனா போகாது.”

“அப்ப சரி,” என்று கனகசுந்தரம் சேமிக்கிற பொத்தானை அமத்தினார்.

எழுதும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் அவருடைய இடது கை மேலே எழும்பிக் காற்றைத் தள்ளியிருந்தது. அருளம்பலத்தின் நாக்கு நுனிக்கு ஒரு நல்ல பகிடி வந்து நின்றது. கமலாதேவியின் முகத்தைப் பார்த்தான். அதை அப்படியே விழுங்கிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனான்.